எண்ணெய்க் கிணற்றுக்கு ஆசிட் வைத்தியம்

கேள்வி: எண்ணெய்க் கிணற்றில் உற்பத்தி குறைந்தால் உள்ளே ஆசிட் இறக்குவார்கள் என்று அத்துறையில் வேலை பார்க்கும் உறவினர் சொன்னார். ஆசிட் இரும்புக் குழாயை அரித்துவிடாதா? அதனால் எண்ணெய் எப்படிக் கூடும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அரிக்கத்தான் செய்யும். உங்களுக்கு வந்த இதே ஐயம்தான் இந்த முறையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் முடக்கிப் போட்டது. சுண்ணாம்புக்கல் பாறையில் உள்ள கிணறுகளுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தும் முறைக்கு 1896-லேயே அமெரிக்காவில் ஹெர்மன் ஃபிராஷ் காப்புரிமை பெற்றுவிட்டார். ஒஹையோ மாநிலத்தின் லிமா பகுதியில் செய்து பார்த்தபோது எண்ணெயும் கூடியது. ஆனால் குழாய்கள் அரிபட்டதால் முறை வழக்கொழிந்தது. 1932-ல் மிச்சிகன் மாநிலத்தில், டௌ கெமிக்கல் நிறுவனத்தார் ஆர்செனிக் சேர்மம் ஒன்றை அமிலத்தில் கலந்து, இரும்பை விட்டுப் பாறையை மட்டும் கரைக்கும்படி செய்தார்கள். சுமார் 500 கேலன், அதாவது 1,900 லிட்டர் அமிலத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் வழியாகத்தான் கிணற்றுக்குள் இறக்கினார்கள். வறண்டதென்று கைவிடப்பட்டிருந்த அந்தக் கிணறு நாளொன்றுக்கு 16 பீப்பாய் எண்ணெய் தந்தது. ஆர்செனிக் நஞ்சு என்பதால் இன்று அரிப்பைத் தடுக்க வேறு கரிமச் சேர்மங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இனி, எண்ணெய் எப்படிக் கூடுகிறது என்பதற்கு வருவோம். எண்ணெய் நிலத்தடியில் குளம்போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகள் வழியாக நாலாபுறமிருந்தும் கசிந்து கிணற்றை நோக்கி வருகிறது. தேரோடும் வீதியில் தாராளமாக நடந்து வந்த கூட்டம் கோயில் வாசலில் நெருக்கியடிப்பதுபோல, கிணற்றை நெருங்க நெருங்க அதன் பாதை குறுகுகிறது. 300 மீட்டர் தொலைவிலிருந்து 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கிணற்றுக்கு எண்ணெய் வருவதாகக் கொண்டால், வழியில் செலவாகும் அழுத்தத்தில் பாதி, கடைசி ஐந்தரை மீட்டரிலேயே செலவாகிவிடும். துளையிடும்போது பயன்படுத்திய சேறு, சிமென்ட், களிமண் துகள் எல்லாம் சென்று அடைப்பதும் அந்தக் கடைசி இடத்தைத்தான். ஆகவே சில அடி தூரத்தைச் சீர்செய்தாலே கிணறு முழுவதற்கும் பலன் தெரிகிறது.

குளியலறை கழுவும் ஆசிட் கடப்பைக் கல்லில் சிந்தினால் சுறுசுறுவென்று நுரைத்துக் கல் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக்கல்தான். 15 சதவீத அமிலம் ஆயிரம் லிட்டர் இருந்தால் ஏறத்தாழ 220 கிலோ சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, பாறைக்குள் புழு குடைந்ததுபோன்ற வழிகளைத் திறந்துவிடும். மணற்கல் இந்த அமிலத்துக்கு மசியாது. அதற்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் வேண்டும். ஆனால் பாறையிலுள்ள சுண்ணாம்பை முன்கூட்டியே கழுவாமல் அதை அனுப்பினால், கால்சியம் ஃபுளோரைடு படிந்து புதிய அடைப்பை உண்டாக்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் உற்பத்தி குறைந்த எல்லாக் கிணறுகளுக்கும் இதைச் செய்யலாமே?

பதில்: கூடாது. நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பான செயல் அது. முதலில் கிணற்றை மூடிவைத்து, அடியில் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்க வேண்டும். கிணற்றோரத்தில் அடைப்பு இருக்கிறதா என்பதை அந்த அளவீட்டிலிருந்து ஓர் எண்ணாகக் கணக்கிடலாம். துறையினர் அதை 'ஸ்கின்' என்பார்கள். அடைப்பு இருந்தால் அமிலம் பயன் தரும். பாறையே இறுக்கமானது என்றால் அமிலம் போதாது. படுகையின் அழுத்தமே தீர்ந்திருந்தால் எதைச் செய்தும் பெரிய பயனில்லை. அருகில் நீரடுக்கு இருந்தாலோ, திறந்துவிட்ட வழியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் வந்து சேரும். இந்தச் சோதனை நடக்கும்வரை உற்பத்தியை நிறுத்த வேண்டியிருப்பதால் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தவறு என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: செய்திகளில் வரும் 'ஃபிராக்கிங்' இதுதானா?

பதில்: அல்ல. மேலே சொன்னது, பாறை பிளக்காத அளவுக்கு மெதுவாக அமிலத்தைச் செலுத்துவது. ஃபிராக்கிங் எனப்படும் நீரழுத்த விரிசல் முறையில், திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் பம்ப் செய்து பாறையைப் பிளப்பதே நோக்கம். 1947-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் முதன்முதலில் சோதித்து, 1949-ல் வணிகமுறையில் தொடங்கினார்கள். பம்பை நிறுத்தியதும் சுற்றியுள்ள பாறைகளின் அழுத்தத்தால் விரிசல் மூடிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தாங்கி நிறுத்த, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணற்பரல்களைத் திரவத்தோடு அனுப்புகிறார்கள். பிறகு அந்தப் பரல்களின் இடுக்குகள் வழியாகத்தான் எண்ணெயும் எரிவாயுவும் கிணற்றுக்கு வந்து சேர்கின்றன.