ஏ.சி.சி. பெண்கள் கூடைப்பந்து – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நாங்கள் வட கரோலினாவில் கேரி ஊரில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டியைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னோட்டமாக, கல்லூரிகள் சேர்ந்து அமைத்த கான்ஃபரன்ஸ் என்ற குழுவுக்குள் நடக்கும் போட்டியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

எனக்கு அதுதான் புரியவில்லை. நவம்பரிலிருந்து ஆடி முதலிடம் பிடித்த அணி, மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் சறுக்கினால் கோப்பை வேறு யாருக்கோ போய்விடுகிறது. இது நியாயமா? டிக்கெட் விற்பதற்காக ஏற்படுத்தியதுதானே? எங்கள் பக்கத்து ஏ.சி.சி.யில் (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) பெண்கள் போட்டிக்கென்று சொல்லும்படியான வரலாறு ஏதாவது உண்டா? மகளை ஒருமுறை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். எந்த ஆட்டத்துக்குப் போவது?

மீனா

அன்புள்ள மீனா,

டிக்கெட் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆண்கள் போட்டியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஏ.சி.சி. 1953இல் உருவானது. அடுத்த ஆண்டே ராலேயில் ரெனால்ட்ஸ் அரங்கில் முதல் கான்ஃபரன்ஸ் போட்டியை வைத்துவிட்டார்கள். கூட்டமும் வசூலும் அவர்கள் கணக்கில் இருந்தன. அப்போது தேசியப் போட்டிக்கு ஒரு கான்ஃபரன்சிலிருந்து ஓர் அணிதான் போக முடியும். ஏ.சி.சி. அந்த ஒரே இடத்தையும் இந்தப் போட்டியில் ஜெயித்தவர்களுக்கே கொடுத்தது. 1974 இறுதி ஆட்டத்தில் என்.சி. ஸ்டேட் (வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 103, மேரிலாண்ட் 100, அதுவும் ஓவர்டைமில். நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாண்டுக்கு அந்த மூன்று புள்ளியில் தேசியப் போட்டி இல்லாமல் போனது. மறு ஆண்டே ஒரு கான்ஃபரன்சிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் போகலாம் என்று விதி மாறியது. அந்தக் காலத்தில் நியாயமா என்று நீங்கள் கேட்டிருந்தால், இல்லவே இல்லை என்று சொல்லியிருப்பேன்.

பெண்கள் போட்டி பிறந்த கதை வேறு. 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றது அது. ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. அந்தச் சட்டத்தை விளையாட்டுக்குப் பொருத்துவதை எதிர்த்து வாஷிங்டனில் மல்லுக்கட்டியது. கல்லூரிப் பெண்களின் விளையாட்டை அப்போது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்புதான் நடத்தியது. கிட்டத்தட்ட முழுக்கப் பெண்களே நடத்திய அமைப்பு, கையில் காசு குறைவு. இந்தச் சூழலில்தான் 1978இல் ஏ.சி.சி. தன் முதல் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது. என்.சி.ஏ.ஏ. பெண்களுக்குத் தேசியப் போட்டி வைத்தது 1982இல். ஆக, நீங்கள் முன்னோட்டம் என்று நினைக்கும் போட்டி, இன்றைய தேசியப் போட்டியைவிட நான்கு வயது மூத்தது. பெண்கள் ஆட்டத்தால் வசூல் வரும் என்று யாரும் நம்பாத ஆண்டில் தொடங்கியது. டிக்கெட் விற்கத்தான் ஏற்படுத்தினார்கள் என்பது இங்கே பொருந்தாது.

முதல் போட்டி வர்ஜீனியாவில் ஷார்லட்ஸ்வில் ஊரில் யூனிவர்சிட்டி ஹால் அரங்கில் நடந்தது. மேரிலாண்ட் என்.சி. ஸ்டேட்டைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது. அதே ஆண்டு ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தேசிய இறுதி ஆட்டம் வரைக்கும் போய், லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது. மேரிலாண்டின் கோச் கிரிஸ் வெல்லர். 1978 முதல் 1989 வரை பன்னிரண்டு போட்டிகளில் எட்டை அவருடைய அணி ஜெயித்தது. இன்று ஏ.சி.சி. என்றதும் டியூக், நோட்டர் டேம் என்றுதான் பேச்சு வருகிறது. மேரிலாண்ட் 2014இல் பிக் டென் கான்ஃபரன்சுக்குப் போய்விட்டதால் வெல்லரின் பெயர் ஏ.சி.சி. பேச்சில் மங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

போட்டி நடந்த ஊர்களைப் பார்த்தாலே அது வளர்ந்த விதம் தெரியும். எண்பதுகளில் பெரும்பாலும் ஃபேயட்வில். அப்புறம் தென் கரோலினாவில் ராக் ஹில் ஊரின் வின்த்ராப் கல்லூரி அரங்கம். தொண்ணூறுகளின் கடைசியில் ஷார்லட். 2000இலிருந்து கிரீன்ஸ்பரோவின் பெரிய அரங்கம். ஃபேயட்வில், ராக் ஹில் மாதிரி நடுத்தர ஊர்களில் அந்த வாரம் பெண்கள் கூடைப்பந்துதான் ஊரின் பெரிய நிகழ்ச்சி. ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் மதியம் இரண்டு மணிக்கு ஒப்புக்கு ஆடிவிட்டுப் போகிற நிலைமை அங்கே இல்லை. பெண்கள் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே காரை எடுத்துக்கொண்டு வரும் ஒரு கூட்டம் அந்த ஆண்டுகளில்தான் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகான பட்டியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990இலும் 1992இலும் வர்ஜீனியா ஜெயித்தபோது அந்த அணியின் ஆட்டத்தை வழிநடத்திய பாயின்ட் கார்டு டான் ஸ்டேலி. இன்று தென் கரோலினாவின் கோச்சாக, பக்கத்து எஸ்.இ.சி. கான்ஃபரன்சின் கோப்பையை 2025 வரை ஒன்பது முறை எடுத்திருப்பவர். 1994இல் வட கரோலினா பல்கலைக்கழக அணி ஏ.சி.சி.யையும் ஜெயித்து, தேசியக் கோப்பையையும் எடுத்தது. 2000 முதல் தொடர்ந்து ஐந்து முறை டியூக், அதற்கடுத்த நான்கு ஆண்டும் வட கரோலினா. 2013இல் வந்து சேர்ந்த நோட்டர் டேம், வந்த கையோடு நான்கு முறை தொடர்ச்சியாக எடுத்தது.

ஆனால் இந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் உங்கள் மகளுக்குச் சொல்லலாம் என்றால், ஒரு சாம்பியன் ஆட்டத்தைச் சொல்லமாட்டேன். 2007 அரையிறுதியைச் சொல்வேன்.

கே யோ 1975இல் என்.சி. ஸ்டேட்டுக்குக் கோச்சாக வந்தார். ஆரம்ப வருடங்களில் கூடைப்பந்தோடு வாலிபாலும் சாஃப்ட்பாலும் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் விளையாட்டுக்கு அவ்வளவுதான் ஆள் போட்டார்கள். 1980, 1985, 1987, 1991 என்று நான்கு முறை ஏ.சி.சி. கோப்பை வாங்கிக்கொடுத்தார். 1987இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணியின் கோச்சாகப் போய்த் தங்கத்தோடு திரும்பினார். நோய் 2004இல் திரும்பியது. 2006 நவம்பரில் மீண்டும் வந்தபோது பதினாறு ஆட்டங்கள் விலகியிருக்க வேண்டியதாயிற்று. 2007 ஜனவரியில், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பிவந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த அணி ஆடிய ஆட்டம் வேறு. பெண்கள் ஷூவில், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் நிறமான பிங்க்கில் கயிறு கட்டிக்கொண்டு ஆடினார்கள். மார்ச்சில் கிரீன்ஸ்பரோ அரையிறுதியில் எதிரே நின்றது டியூக். அந்த சீசனில் முப்பது ஆட்டம் ஆடி முப்பதையும் ஜெயித்து, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணி. என்.சி. ஸ்டேட் 70, டியூக் 65. மறுநாள் இறுதி ஆட்டத்தில் வட கரோலினாவிடம் என்.சி. ஸ்டேட் தோற்றது. ஏட்டைப் புரட்டினால் 2007 சாம்பியன் வட கரோலினா என்றுதான் இருக்கும். அந்த வாரத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கே யோவைத்தான் சொல்வார்கள். 2009 ஜனவரியில் அவர் காலமானார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அன்று டியூக்குக்கு அநியாயம் நடந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. லீக் ஆட்டங்களில் அவர்கள் பிடித்த முதலிடம் அவர்களுடையதுதான், அதை யாரும் பறிக்கவில்லை. தேசியப் போட்டிக்கும் போனார்கள், அங்கே ரட்கர்ஸிடம் 53-52 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள். 2003இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டும் இப்படித்தான் வில்லனோவாவிடம் 52-48 என்று விழுந்தது. அத்தோடு எழுபது ஆட்டத் தொடர்வெற்றி முடிந்தது. அதே கனெக்டிகட் அடுத்த மாதம் தேசியக் கோப்பையை எடுத்தது. 1974இல் மேரிலாண்டுக்கு இருந்த ஆபத்து இன்று பெரிய கான்ஃபரன்சின் பெரிய அணிக்குக் கிடையாது.

நான்கு மாத உழைப்புக்கு மதிப்பில்லை என்பதும் சரியில்லை. ஏ.சி.சி.யில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் நேராகக் கால்இறுதிக்குப் போகின்றன. மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஜெயித்தால் போதும். போட்டிக்குள் கடைசி இடத்தில் நுழையும் அணி கோப்பை வாங்க வேண்டுமானால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். காலும் மூச்சும் அதற்கு ஒத்துழைப்பது அபூர்வம். முடியவே முடியாது என்று எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். சின்னக் கான்ஃபரன்ஸ்களில் இதன் கனம் இன்னும் அதிகம். அங்கிருந்து பெரும்பாலும் கோப்பை வாங்கும் அணி மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போகும்.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. 2024இல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் எஸ்.எம்.யு.வும் ஏ.சி.சி.க்குள் வந்தன. அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கான்ஃபரன்சுக்குப் பசிஃபிக் கரையிலிருந்து பெண்கள் விமானம் ஏறி வருகிறார்கள். தொலைக்காட்சிப் பணம் பண்ணும் வேலை. அணிகள் பதினெட்டு ஆனதும் 2025 போட்டியில் பதினைந்துக்குத்தான் இடம் கொடுத்தார்கள். கடைசி மூன்று அணிகளுக்கு சீசன் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சீசன் முழுக்கத் தோற்ற அணிக்கும் கடைசியாக ஒரு வாய்ப்பு என்பதுதான் இந்தப் போட்டிக்கு இருக்கும் ஒரே தார்மிக நியாயம் என்று நான் கருதுகிறேன். அதையே சுருக்கினால், நீங்கள் கேட்ட டிக்கெட் கேள்விக்கு அடுத்த முறை எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாகிவிடும். பதினெட்டு அணிகளையும் ஆடவிட ஒருநாள் கூடுதலாக ஆகலாம். ஆகட்டும், நடத்தட்டும்.

வெளி உலகமும் இந்தப் போட்டிக்குள் வந்திருக்கிறது. திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் ஹெச்.பி. 2 என்ற சட்டத்தை வட கரோலினா 2016இல் போட்டதும், ஏ.சி.சி. தன் போட்டிகளை மாநிலத்தைவிட்டு வெளியே எடுத்தது. 2017இல் பெண்கள் கூடைப்பந்து தென் கரோலினாவில் கான்வே ஊரில் நடந்தது. சரியான முடிவு என்றுதான் அப்போதும் நினைத்தேன். 2018இல் கிரீன்ஸ்பரோவுக்கே திரும்பியது.

2020ஐயும் சொல்லியாக வேண்டும். மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. இறுதி ஆட்டத்தில் என்.சி. ஸ்டேட் ஃப்ளோரிடா ஸ்டேட்டை 71-66 என்று வென்றது. 1991க்குப் பிறகு, அதாவது கே யோ காலத்துக்குப் பிறகு, அவர்களுடைய முதல் ஏ.சி.சி. கோப்பை. கோச் வெஸ் மூர், தொண்ணூறுகளில் கே யோவிடமே உதவிக் கோச்சாக இருந்தவர். நான்கே நாளில், மார்ச் 12 அன்று, அதே அரங்கத்தில் ஆண்கள் போட்டியைக் கொரோனாவால் பாதியில் நிறுத்தினார்கள். அன்றே தேசியப் போட்டிகளும் ரத்து. அந்தப் பெண்களுக்கு அந்த ஆண்டு கிடைத்த ஒரே கோப்பை, நீங்கள் முன்னோட்டம் என்று நினைத்த இந்தக் கோப்பைதான். 2021, 2022 என்று அடுத்த இரண்டு ஆண்டும் அவர்களே எடுத்தார்கள்.

மகளை எந்த ஆட்டத்துக்கு அழைத்துப் போவது என்று கேட்டிருந்தீர்கள். எந்த ஊரில் நடந்தாலும் முதல் நாளுக்குப் போங்கள். இறுதி ஆட்டம் தொலைக்காட்சியில் நன்றாகவே தெரியும். முதல் நாளில் ஆடுவது பத்தாம் இடத்திலும் அதற்குக் கீழேயும் உள்ள அணிகள். கூட்டம் குறைவாக இருக்கும், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும், கோர்ட்டுக்குப் பக்கத்தில் உட்காரலாம். பாயின்ட் கார்டு கையைக் காட்டி ஆட்டத்தை அழைப்பதும், டைம்அவுட்டில் கோச் பலகையில் வரைவதும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுப்பதற்கு முன்னால் இடுப்பால் இடம் பிடிப்பதும் அவள் கண்ணுக்கு நேரே தெரியும். ஆடுகிற பிள்ளைக்குத் தேவை அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறில் ராலேயில் ரெனால்ட்ஸ் அரங்கத்துக்கு என்.சி. ஸ்டேட் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கும் போய்வாருங்கள். கேரியிலிருந்து பக்கம்தான். அந்தத் தரைக்கு 2007 பிப்ரவரியில் கே யோவின் பெயரை வைத்தார்கள். பெயர் தரையிலேயே எழுதியிருக்கும், அவளை வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.