இடைவேளை டிராவை நம்பி போனஸைப் போடலாமா?

கேள்வி: கால்பந்து லீக் ஆட்டங்களைப் பல வருஷமாக விடாமல் பார்க்கிறேன். சில மாதங்களாக ‘இடைவேளையில் டிரா’ என்பதில் மட்டும் ஆன்லைனில் பந்தயம் கட்டுகிறேன். ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டியது எத்தனை மடங்காகத் திரும்பி வரும் என்பது) பெரும்பாலும் 2.20. கடைசி 20 ஆட்டங்களில் 9 சரியாக வந்தன. தோற்றால் அடுத்த ஆட்டத்தில் தொகையை இரட்டிப்பாக்கு, நஷ்டமே வராது என்கிறான் நண்பன். வரப்போகும் போனஸில் பாதியை இதில் முதலீடு செய்யலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: வேண்டாம். காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு 100 என்று வைத்தால் 20 ஆட்டங்களுக்குக் கட்டியது 2,000. ஒன்பது வெற்றிக்கு 220 வீதம் திரும்பி வந்தது 1,980. நன்றாகப் போகிறது என்று நீங்கள் நினைக்கும் இந்தக் காலத்திலேயே 20 குறைகிறது. 2.20 ஆட்ஸில் போட்ட முதல் தேறுவதற்கே நூற்றுக்கு 45.5 தடவை சரியாகச் சொல்ல வேண்டும்.

இடைவேளை டிரா அடிக்கடி வருவது உண்மைதான். கோல்கள் இரண்டாம் பாதியில்தான் கூடுதலாக விழும். முதல் பாதி பல நேரம் 0-0 என்றே முடியும். ஒரு ஆட்டத்தில் முதல் பாதிக்கு உள்ளூர் அணி சராசரியாக 0.7 கோல், வெளியூர் அணி 0.5 கோல் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாய்சான் முறையில், அதாவது சராசரியை வைத்து எத்தனை கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரத்தில், கணக்குப் போட்டால் 0-0 வர 30 சதவீத வாய்ப்பு. 1-1, 2-2 எல்லாம் சேர்த்து டிராவுக்கு 41.6. உள்ளூர் அணி முன்னிலை 35.5, வெளியூர் அணி 22.9. ஆக, கண்ணை மூடிக்கொண்டு டிரா என்று கட்டினாலும் இருபதில் எட்டு வரும். உங்களுக்கு ஒன்பது வந்திருக்கிறது. இதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கணக்கு பந்தய நிறுவனத்துக்கும் தெரியும். நியாயப்படி டிராவுக்கு 2.40 தர வேண்டிய இடத்தில் அது 2.20 தருகிறது. மற்ற இரண்டுக்கும் 2.60, 4.00 என்று வையுங்கள். 100-ஐ ஒவ்வொரு ஆட்ஸாலும் வகுத்து, மூன்றையும் சதவீதமாக மாற்றிக் கூட்டினால் 100 வராது, 109 வரும். அந்த ஒன்பதுதான் அவர்கள் லாபம். எதில் கட்டினாலும் 100-க்கு சுமார் 8 போய்க்கொண்டே இருக்கும். முழு ஆட்ட முடிவைவிட இடைவேளை மாதிரியான சின்னப் பந்தய வகைகளில் இந்த வெட்டு பெரும்பாலும் கூடுதல். ஆட்டத்தை நன்றாகக் கணிப்பது வேறு, விலையை வெல்வது வேறு. இரண்டாவது உங்களால் முடிகிறதா என்று பார்க்க, நீங்கள் கட்டிய ஆட்ஸையும் ஆட்டம் தொடங்கும் நொடியில் இருந்த ஆட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். நீங்கள் 2.20-ல் கட்டியது கடைசியில் 2.05-க்கு இறங்குவது வழக்கமாக நடந்தால் உங்கள் கணிப்பில் ஏதோ இருக்கிறது. அப்படித் தொடர்ந்து ஜெயிப்பவர்களுக்குப் பல நிறுவனங்கள் கட்டும் தொகைக்கு வரம்பு போட்டுவிடும் என்பது தனிக்கதை.

நண்பரின் யோசனைதான் எல்லாவற்றிலும் மோசம். 100-ல் தொடங்கி ஆறு முறை தொடர்ந்து தோற்றால் போனது 6,300. ஏழாவதற்கு 6,400 எடுத்து வைக்க வேண்டும். ஆறு தொடர் தோல்வி அபூர்வம் என்று தோன்றும். டிரா வாய்ப்பு 41.6 சதவீதமாக இருக்கும்போது, 20 ஆட்டங்களுக்குள் அப்படி ஒரு வரிசை வர நாலில் ஒன்றுக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது.

சரி, போனஸை என்ன செய்வது? கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அப்புறம் ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேரட்டும். மீதி, அடுத்த ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாது என்றால், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டு) போகலாம்.

பந்தயத்தை விடவே முடியாது, உங்கள் நாட்டுச் சட்டமும் அனுமதிக்கிறது என்றால், சினிமா, ஹோட்டல் செலவு மாதிரி மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான். கடன் வாங்கிக் கட்டவே கூடாது. அந்தத் தொகை எவ்வளவு என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதைச் சொல்லவே தயக்கமாக இருந்தாலோ, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கை பரபரத்தாலோ, கணக்கை மூடிவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அந்த இடத்தில் என்னைப் போன்ற நிதி ஆலோசகரால் பெரிய உபயோகம் இல்லை.