கல்லு கால், மரப்பலகை: தோட்டத்து பெஞ்ச் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ரெண்டு பாறாங்கல்லு மேல ஒரு தடிப்பலகைய தூக்கி வச்சா பெஞ்ச் ஆயிடாதா?

பதில்: ஆயிடும், பாக்கவும் அழகா இருக்கும், ஆனா சில மழைக்காலம் போனப்புறம் பலகையோட அடிப்பக்கத்த விரலால அழுத்திப் பாருங்க, கல்லு மேல படுத்திருந்த இடம் மட்டும் மெத்துனு உளுத்துப் போயிருக்கும். மழை விழுற மேல்பக்கம் வெயில்ல காஞ்சிடுது, கல்லுக்கும் பலகைக்கும் நடுவுல போன தண்ணிக்குத்தான் வெளிய வர வழியில்ல, அதுலயும் மணற்கல் மாதிரி கல்லுன்னா மண்ணுல இருந்தே ஈரத்த மேல இழுக்கும். அதனால நடுவுல கெட்டி ரப்பர் துண்டோ எவர்சில்வர் வாஷரோ வச்சு ஒரு 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க, காத்து போகணும். என்னக் கேட்டா இந்த பெஞ்சுல முக்கியமான வேலையே அந்த இடைவெளிதான்.

கேள்வி: எந்த மரம் எடுக்கலாம்? பட்டையோட விட்டா இயற்கையா இருக்கும்ல?

பதில்: தேக்கு கிடைச்சா யோசிக்கவே வேணாம். எந்த மரமானாலும் வைரம் பாஞ்ச பகுதிய பாத்து எடுங்க, ஓரத்துல வெளுப்பா இருக்கறது சீக்கிரம் உளுத்துடும், பூச்சியும் மொதல்ல அங்கதான் ஏறும். பட்டைய தயவுசெஞ்சு உரிச்சிடுங்க, அதுக்கடியிலதான் ஈரமும் வண்டும் குடியிருக்கும், உரிச்சாலும் அந்த வளைஞ்ச ஓரம் அப்படியேதான் இருக்கும். பச்சை மரம் வேணாம். காத்தாட அடுக்கி வச்சா ஒரு இஞ்ச் தடிப்புக்கு சுமாரா ஒரு வருஷம் காயணும்.

கேள்வி: அளவு சொல்லுங்க சார்.

பதில்: உக்கார்ற உயரம் 17, 18 இஞ்ச். பலகை 2 இஞ்ச் தடிப்பு, கல்லுக்கு கல்லு 4 அடிக்கு மேல போகாதீங்க.

கேள்வி: கல்லு ஒரு பக்கமா சாயுது, என்ன பண்ண?

பதில்: மண்ணு மேல அப்படியே வச்சிருப்பீங்க. தோண்டி, 4 இஞ்சுக்கு ஜல்லி போட்டு நல்லா இடிச்சு, அது மேல கல்ல வைங்க, உயரமான கல்லுன்னா மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகட்டும். தனியா தூக்காதீங்க, ஒரு கன அடி கிரானைட்டே 75 கிலோ வரும், கடப்பாரையும் உருட்ட பைப்பும் வச்சுக்கோங்க. மேல்பக்கம் மேடு பள்ளமா இருந்தா துருத்துற முனைய மட்டும் உளியால கொத்திட்டு, மிச்சத்த வாஷர கூட்டிக் கொறச்சு மட்டம் பாருங்க.

கேள்வி: பலகைய கல்லோட பசை போட்டு ஒட்டிடலாமா அண்ணா?

பதில்: வேணாம். ஈரத்துல மரம் அகலவாக்குல விரியும், வெயில்ல சுருங்கும், கல்லு அசையாது, மொத்தமா ஒட்டுனா பலகை வெடிச்சிடும். கல்லுல துளை போட்டு 12 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பிய எபாக்ஸிங்கற கெட்டிப் பசையில நிறுத்துங்க, கல்லுக்கு ரெண்டு கம்பி. பலகைக்கு அடியில ஒரு துளைய சரியா போட்டு இன்னொன்ன அகலவாக்குல கொஞ்சம் நீளமா விடுங்க, மரம் அதுல நகர்ந்துக்கும். மரத்துல எபாக்ஸி படக்கூடாது. துளை போடறப்ப தண்ணி விட்டுக்கிட்டே போடுங்க, மாஸ்க் கட்டாயம், கல்தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: மேல வார்னிஷ் அடிக்கட்டா?

பதில்: வெயில்ல வார்னிஷ் வெடிக்கும், அந்த வெடிப்புல தண்ணி உள்ள போய் மாட்டிக்கும், அதனால நான் லின்சீட் ஆயில்தான் (ஆளிவிதை எண்ணெய்) சொல்லுவேன். பலகையோட ரெண்டு வெட்டு முனைக்கும் நெறைய குடுங்க, தண்ணிய அதிகமா குடிக்கறது அங்கதான். ஆயில் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, அது தானா சூடாகி தீப்பிடிக்கும், வெளியில விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.