ஒட்டும் செல்லும் ஒட்டாத செல்லும்: வாசகர் கேள்வி பதில்

பதில்கள்: ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை, காட்பாடி

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி அறிக்கையில் ‘லோபுலர் கார்சினோமா, ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று இருக்கிறது. ஈ-கேட்ஹெரின்தான் செல்களைப் பிடித்து வைக்கும் பசை என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். அது இல்லையென்றால் நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றுதானே அர்த்தம்? வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.
– பள்ளி ஆசிரியை, குடியாத்தம்

முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள். கட்டி எந்த வகை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஊடுருவி வளரும் மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு 10 முதல் 15 வரை, பால் சுரக்கும் சிறு மடல்களின் பெயரைக் கொண்ட லோபுலர் வகை. இந்த வகையில் ஈ-கேட்ஹெரின் மிக ஆரம்பத்திலேயே போய்விடும். கட்டி பக்கத்துத் திசுவுக்குள் கால்வைப்பதற்கு முன்னரே போய்விடுவதும் உண்டு. மருத்துவர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ஈ-கேட்ஹெரினை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் திசுவின் மேல் விட்டு, அது பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் ஏறச் செய்வார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல பால் நாளத்தின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அழுத்தமான பழுப்புக் கோடு ஓடும். அதே கண்ணாடித் தகட்டில், ஒரு மயிரிழை தள்ளி, லோபுலர் செல்கள் நிறமே ஏறாமல் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நாளத்தில் நிறம் ஏறியிருப்பதால் சாயத்தில் கோளாறு இல்லை என்பதும் உறுதியாகிவிடும். உங்கள் சித்தியின் அறிக்கையில் உள்ள ‘நெகட்டிவ்’ இவ்வளவுதான்.

பரவியிருக்கிறதா என்பதை அக்குள் நிணநீர்க் கணுக்களும் ஸ்கேனும் சொல்லும். எந்த மருந்து என்பதை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதம் ஆகியவை பற்றிய வரிகள் சொல்லும். லோபுலர் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும். அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அந்த வரிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மகனுக்கு ஒன்று. பசை என்பது பாதிக் கதை. ஈ-கேட்ஹெரின் வெளியே பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் உள்வால் பீட்டா-கேட்டெனின் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பீட்டா-கேட்டெனின் சேர்ந்து பெருகி உட்கருவுக்குள் நுழைந்தால் வளர்ச்சி மரபணுக்களை முடுக்கிவிடும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் ஏ.பி.சி. என்ற மரபணு பழுதாகி, இதுதான் நடக்கிறது. அப்படியானால் ஈ-கேட்ஹெரின் போனதும் இங்கும் அதே கூத்துதான் என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். லோபுலர் கட்டியில் அப்படி நடப்பதில்லை. அவிழ்ந்த பீட்டா-கேட்டெனினைச் செல்லே அழித்துவிடுகிறது. ஈ-கேட்ஹெரினின் இன்னொரு கூட்டாளிப் புரதமான பி120 மட்டும் செல்லின் விளிம்பை விட்டு உள்ளே பரவிக் கிடக்கும். வகை பிரிப்பதில் சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் பி120-க்கும் சாயம் ஏற்றிப் பார்ப்பது அதனால்தான்.

ஒன்றை மட்டும் குடும்பத்தில் விசாரியுங்கள்: யாருக்காவது, குறிப்பாக இளம் வயதில், இரைப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறதா? ஈ-கேட்ஹெரினுக்கான சி.டி.ஹெச்.1 மரபணுப் பழுது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுநோய் வந்ததற்கு இதுவே காரணம் என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்களின் பெண்களுக்கு லோபுலர் வகையும் வரலாம். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தப் பழுது கட்டிக்குள் மட்டும்தான் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகாது. இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருக்கிறது.

கேட்ஹெரின் வேலை செய்யக் கால்சியம் வேண்டும் என்று படித்தேன். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் செல்கள் கெட்டியாக ஒட்டிக்கொண்டு புற்றுநோய் பரவாமல் இருக்குமா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், ஆரணி

இருக்காது, ஐயா. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் கால்சியத்தை உடம்பு எப்போதும் கட்டிக்காக்கிறது. கேட்ஹெரினுக்கு அது தாராளம். சில புற்றுநோயாளிகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போவதே ஆபத்தாகிவிடும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.

நான் தோல் ஷாப்பில் கெமிக்கல் பிரிவில் இருக்கிறேன். மகள் எம்.எஸ்சி. செய்முறைக்காகப் புற்றுநோய் செல் வளர்க்கிறாள். செல்லைத் தட்டிலிருந்து கிளப்ப ‘டிரிப்சின்’ போடுவோம் என்கிறாள். எங்கள் பேட்டிங் பவுடரிலும் அந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம். இரண்டும் ஒன்றா?
– வாசகர், ராணிப்பேட்டை

ஒன்றேதான். இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு நன்றி. என் அப்பாவும் ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர்.

சுண்ணாம்பில் ஊறி மயிர் போன தோலில், நாருக்கு நடுவே வேண்டாத புரதங்கள் தங்கியிருக்கும். அவற்றைக் கரைப்பதுதான் பேட்டிங். அதற்கு அந்தக் காலத்தில் புறா எச்சமும் நாயின் மலமும் போட்டார்கள். நாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் 1907-ஐ ஒட்டி, அதற்குப் பதிலாக விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைக் கொண்டுவந்தார். அதில் முக்கியமானது டிரிப்சின். இப்போது நுண்ணுயிர் நொதிகளும் வந்துவிட்டன. பேட்டிங் முடிந்ததா என்று அப்பா எப்படிப் பார்ப்பார் என்பது உங்களுக்கே தெரியும்: தோலைக் கட்டைவிரலால் அழுத்துவார். ரேகை பதிந்து அப்படியே நின்றால் டிரம்மை நிறுத்தச் சொல்வார்.

உங்கள் மகள் நுண்ணோக்கியில் பார்ப்பது வேறு அடையாளம். தட்டில் பரந்து படிந்திருந்த செல்கள், டிரிப்சின் பட்ட சில நிமிடங்களில் விளிம்பைச் சுருட்டி, உருண்டு, பளபளவென்று மிதக்கத் தொடங்கும். உடனே சீரம் கலந்த ஊட்டக் கரைசலை ஊற்றி நிறுத்த வேண்டும். விட்டால் செல்லே செத்துப்போகும்.

அந்த டிரிப்சின் புட்டியில் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ.வும் இருக்கும். அது கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். கேட்ஹெரின் கண்டுபிடிக்கப்பட்டதே, டிரிப்சினோடு ஈ.டி.டி.ஏ. இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தால்தான். ஜப்பானியரான மசாதோஷி தாக்கெய்ச்சி 1970-களில் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போனார். கியோட்டோவில் டிரிப்சின் போட்டுப் பிரித்த செல்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன, பால்டிமோரில் ஒட்டவில்லை. அங்கே பயன்படுத்திய கரைசலில் ஈ.டி.டி.ஏ. இருந்ததுதான் காரணம். கால்சியம் கூட இருந்தால் டிரிப்சினால் கடிக்க முடியாத ஏதோ ஒன்று செல்லின் மேல் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். அந்த ‘ஏதோ ஒன்று’தான் கேட்ஹெரின். மகளிடம் புட்டியின் லேபிளை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மாமனாருக்குக் கழுத்தில் கட்டி. ஊசி குத்தினால், கத்தி பட்டால் புற்று கிளம்பிப் பரவும் என்று உறவினர்கள் பயாப்ஸிக்குத் தடை சொல்கிறார்கள்.
– இல்லத்தரசி, ஆற்காடு

அழைத்துப் போங்கள், அம்மா. செல் தன் இருப்பிடத்தை இன்டெக்ரின் என்ற மூலக்கூறால் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி இருக்கும்வரை ‘உயிரோடு இரு’ என்ற சமிக்ஞை உள்ளே போய்க்கொண்டிருக்கும். பிடி விட்ட சாதாரண செல் தன்னையே மாய்த்துக்கொள்ளும். 1994-இல் இதற்கு ‘அனோய்க்கிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். புற்றுச் செல் இந்தச் சட்டத்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டதுதான். ஆனாலும் ரத்தத்தில் விழும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை எங்கும் வேர்பிடிக்காமல் அழிகின்றன. ஊசி போன வழியில் நோய் தங்குவது அபூர்வம். அது நடக்கக்கூடிய இடங்கள் மருத்துவர்களுக்குத் தெரியும்: விரைக் கட்டியில் விரைப்பையின் வழியே ஊசி குத்த மாட்டார்கள்; எலும்புக் கட்டியில், பின்னால் அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கப்போகும் பாதையிலேயே ஊசியை விடுவார்கள். ‘ஊசி போட்டு மூன்றே மாதத்தில் போய்விட்டார்’ என்று ஊரில் சொல்வார்கள். அவர் ஊசிக்கு வரும்போதே நோய் முற்றியிருக்கும்.

ஒட்டும் மூலக்கூறுகளைப் பற்றி இத்தனை ஆண்டு ஆராய்ச்சி நடந்தும், பரவலைத் தடுக்க அவற்றைக் குறிவைத்து மருந்து ஏன் இல்லை? அடுத்த வாரம் செமினார்.
– முதுநிலை மாணவர், வேலூர்

இன்டெக்ரினைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, புற்றுநோய்க்குத்தான் இல்லை. மாரடைப்புக்கு எப்டிஃபிபடைட், தண்டுவட மரப்பு நோய்க்கு நடாலிசுமாப், குடல் அழற்சிக்கு வெடோலிசுமாப். அங்கெல்லாம் ஒரே வகைச் செல், ஒரே வேலை, ரத்தத்திலேயே கைக்கு எட்டும் இடம். கட்டியில் ஒரு பிடியை அடைத்தால் வேறொரு பிடி முளைக்கும். மனிதரில், இரண்டு துண்டுகள் சேர்ந்த இன்டெக்ரின் ஜோடிகள் 24 இருக்கின்றன. மூளைக் கட்டியான கிளியோபிளாஸ்டோமாவுக்கு சிலென்ஜிடைட் என்ற இன்டெக்ரின் மருந்தை மிகுந்த நம்பிக்கையோடு மூன்றாம் கட்டச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். 2014-இல் வந்த முடிவில் அது நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

கேட்ஹெரின் பக்கமும் வழுக்கல்தான். அதைத் திருப்பிக் கொடுத்தால் பரவாது என்று நினைத்திருந்தோம். ஊடுருவும் நாள வகை மார்பகப் புற்றுநோயில், ஈ-கேட்ஹெரின் இருக்கும் செல்களே பயணத்தில் பிழைத்துக் குடியேறுகின்றன என்று 2019-இல் எலிகளை வைத்து நேச்சர் இதழில் காட்டினார்கள். லோபுலரில் அது இல்லாமலே பரவுகிறது. ஒரே மூலக்கூறு, இரண்டு கட்டியில் இரண்டு குணம். ‘பிடி விட்டால் பரவும்’ என்று ஒரே அம்புக்குறி போடும் படங்களை எனக்குப் பிடிக்காது. உங்கள் ஸ்லைடிலும் போடாதீர்கள். சிலென்ஜிடைடை விட்டுவிடவும் வேண்டாம். தோற்றுப்போன மருந்து என்று மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தேர்வாளராக உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே அதுதான்.