கன்னு இலையும் பெரிய மர இலையும் ஒத்துப்போகலையா?

நீங்க சொன்னது முழங்கால் உயரக் கன்னு, இலை மூணா பிளந்திருக்கு, கிள்ளினா பால் வருது, ஆனா புக்ல எந்தப் படத்தோடயும் பொருந்தலைன்னு. புக்ல இருக்கறது பெரும்பாலும் வளர்ந்த மரத்தோட இலைங்க, மழைக்காட்டு மரங்கள்ல நிறைய சின்ன வயசுல வேற மாதிரி இலை விடும், அதனால வடிவத்தை மட்டும் நம்பாதீங்க ப்ளீஸ்.

எனக்கு இது பலா இல்லன்னா அயினின்னு (பலாவுக்குச் சொந்தமான காட்டு மரம்) தோணுது. ரெண்டோட கன்னுலயும் பெரும்பாலும் இலை பிளந்து இருக்கும், வளர வளர முழுசாயிடும். நுனி மொட்டை ஒரு உறை மூடியிருக்கா, அது விழுந்த இடத்துல தண்டைச் சுத்தி மோதிரம் மாதிரி தழும்பு இருக்கான்னு பாருங்க. இலை வழவழன்னா பலா, சொரசொரன்னு ரோமமா இருந்தா அயினி. அத்திக் குடும்பத்துல நிறைய மரங்களுக்குப் பாலும் அந்தத் தழும்பும் இருக்கறதால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

இன்னொன்னு, தெரியாத கன்னுல பாலை விரல்ல தொடவே தொடாதீங்க, கருஞ்சேரு மாதிரி மரங்களோட பால் பட்டா தோல் கொப்புளிச்சிடும். இலை அடிப்பக்கமும் நுனி மொட்டும் தெரியற மாதிரி கிட்டக்க ஒரு போட்டோ போடுங்க, பாக்கறேன்.