பொன்மொழி போதும், போனை எடுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 66. மகன் ஆறு வருடமாக இத்தாலியில், டூரின் நகரத்தில் வேலை பார்க்கிறான். மருமகளும் நாலு வயதுப் பேத்தியும் அவனோடு இருக்கிறார்கள். அவன் வாழும் நாட்டுப் பெரியவர்கள் சொன்னதையே அவனுக்குச் சொல்லலாம் என்று, இரண்டு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பொன்மொழி போடுகிறேன். கலிலியோ, மைக்கலாஞ்சலோ, டாவின்சி, மாண்டிசோரி என்று தேடித் தேடித் தமிழாக்கிப் போடுகிறேன். பதிலே கிடையாது. போன ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டான். மறுநாளுக்கானதை டைப் செய்துகொண்டிருந்ததால் காலையில் பேசலாம் என்று விட்டுவிட்டேன். பேத்திக்கு அன்று கடும் காய்ச்சல் என்று மனைவி பிறகு சொன்னாள். மறுநாள் போட்டது குழந்தைகளைப் பற்றி மாண்டிசோரி சொன்னது, எனக்கே மிகவும் பிடித்தது. அதற்கும் பதில் இல்லை. சென்ற மாதம் குரூப்பை விட்டே போய்விட்டான். பெரியவர்கள் சொல்லை மதிக்காத இந்தத் தலைமுறைக்கு நாலு வார்த்தை எழுதுங்கள். அவன் மனத்தைத் தொட எந்த இத்தாலிய அறிஞரின் வாசகத்தை அனுப்பலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஐயா, எந்த வாசகத்தையும் அனுப்ப வேண்டாம். உங்கள் மகனுக்கு நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். அதையும் நான் எழுதப் போவதில்லை.

பிள்ளை பேசுவதில்லை என்ற கடிதம் எனக்குப் புதிதல்ல. பக்கம் பக்கமாகப் பிள்ளையின் குறை இருக்கும். காரணம் மட்டும் நடுவில் எங்காவது, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் கிடக்கும். உங்கள் கடிதத்தில் அது அந்த இரவு பதினொன்றரை.

டூரினில் அப்போது மாலை ஏழு மணி. காய்ச்சலில் துவண்ட குழந்தையை வைத்துக்கொண்டு, சொந்தம் என்று ஒருவர் இல்லாத ஊரில் இருந்து உங்கள் மகன் கூப்பிட்டான். அம்மாவை விட்டு அப்பாவைக் கூப்பிட்டான் பாருங்கள், அதைக் கவனித்தீர்களா? போன் உங்கள் கையிலேயே இருந்தது. திரையில் அவன் பெயர் வந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து டைப் செய்தீர்கள். சரி, காலையில் பேசலாம் என்றீர்களே, பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. குழந்தைகளைப் பற்றிய பொன்மொழி போட்டதுதான் இருக்கிறது. உங்கள் காலை ஆறு மணி அங்கே நள்ளிரவு ஒன்றரை, கோடையில் இரண்டரை. இரண்டு வருடமாக அந்த நேரத்தில் அவன் தலைமாட்டில் போன் ஒலித்திருக்கிறது. அன்றைக்கு அவன் விழித்தேதான் இருந்திருப்பான். அப்பாவிடமிருந்து வந்திருக்கிறதே என்று ஆசையாக எடுத்துப் பார்த்திருப்பான்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் பக்கம் சொல்வார்கள். எனக்குக் கோபம் வருகிறது ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் அனுப்பிய பெரியவர்களிடமே வருகிறேன். ‘இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்பது எண்பத்தேழு வயதில் மைக்கலாஞ்சலோ சொன்னதாக எல்லோரும் அனுப்புகிறார்கள். அவர் சொன்னதற்குச் சான்று கிடையாது. ‘ஆனாலும் அது நகர்கிறது’ என்று, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக நடந்த விசாரணையில் கலிலியோ முணுமுணுத்ததாகச் சொல்வதும் அப்படித்தான். அவர் இறந்தது 1642இல். அந்த வாசகம் லண்டனில் அச்சேறியது 1757இல். அவர்கள் நிஜமாகவே எழுதியவை வேறு இருக்கின்றன. மைக்கலாஞ்சலோ தன் தம்பி மகனுக்கு எழுதிய கடிதங்களில் நீ அனுப்பிய பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது, ஒயின் எப்படி இருந்தது, யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுதான். உன் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை, கடிதத்தை நெருப்பில் போட்டுவிட்டேன் என்று திட்டியும் இருக்கிறார். திட்டினாலும் அது அந்தப் பையனுக்கே எழுதிய திட்டு.

கலிலியோவுக்கு ஒரு மகள் இருந்தாள், 1600இல் பிறந்தவள். பதின்மூன்று வயதில் அவளைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டார். அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அப்புறம் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விடவே இல்லை. அவள் எழுதிய 124 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அப்பாவின் கழுத்துப் பட்டிகளை வெளுத்து அனுப்புவாள், நாரத்தைப் பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கொடுப்பாள். அவர் பதிலுக்கு ஒயினும் பணமும் அனுப்புவார். மடத்துக் கடிகாரம் நின்றுபோனால் அதுவும் அவரிடம்தான் வரும். வானத்தையே அளந்த மனிதர் உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுப்பார். 1633இல் ரோமில் விசாரணை நடந்தபோது, வீட்டு எலுமிச்சை மரங்கள், ஒயின் பீப்பாய்கள், வேறு யாரையும் ஏறவிடாத கோவேறு கழுதை என்று ஒவ்வொன்றாக அவருக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தண்டனையாக வாரந்தோறும் ஓத வேண்டிய ஏழு பைபிள் சங்கீதங்களை அப்பாவுக்காகத் தானே ஓதுவதாக ஏற்றுக்கொண்டாள். அவர் வீடு திரும்பிய நாலாம் மாதமே, 33 வயதில் இறந்துபோனாள். அதன்பின் கலிலியோ ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், என் அருமை மகள் என்னை ஓயாமல் கூப்பிடுவது காதில் விழுகிறது என்கிறார்.

உங்களைக் கூப்பிட்டவன் உயிரோடு இருக்கிறான்.

மாண்டிசோரி அம்மையார் விஷயத்துக்கு வருவோம். 1898இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். திருமணம் ஆகாத பெண் டாக்டர். அந்தக் காலத்தில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க ஊர் விடாது. கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரவிட்டார். மகன் மரியோ அவரிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது பதினைந்து. அதன் பிறகும் வெளியே உறவுக்காரப் பையன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. 1939இல் இருவரும் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார்கள். மறுவருடம் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. ஆகஸ்ட் 31 அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராய் மரியோவை விடுவித்து, உங்களுக்கான பரிசாக உங்கள் மகனையே அனுப்புகிறோம் என்று தந்தி கொடுத்தார். உங்கள் மகன் என்று ஊரறியச் சொல்ல ஒரு வைஸ்ராய் வேண்டியிருந்தது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவருக்கு இத்தனை தடை. உங்களுக்கு ஒரு பச்சைப் பொத்தானை அழுத்துவதுதான் வேலை. அவர் வார்த்தையை எடுத்து அந்த இரவுக்கு மறுநாள் மகனுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் தமிழாசிரியர், வகுப்பில் தேம்பாவணி நடத்தியிருப்பீர்கள். வீரமாமுனிவர் என்ற இத்தாலியர் 3615 பாடல்களில் யாரைத் தலைவனாக்கினார்? வளனை, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை. நான்கு நற்செய்தி நூல்களிலும் அவர் பேசியதாக ஒரு வரி கிடையாது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடந்தவர். தகப்பன் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். உங்கள் கடமை பென்ஷன் வாங்கிய அன்று முடிந்துவிடவில்லை ஐயா.

இந்த ஞாயிறு மதியம் இரண்டரைக்குக் கூப்பிடுங்கள். அங்கே காலைப்பொழுது, வீட்டில் இருப்பார்கள். அதற்கு முன் உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து கேளுங்கள், அன்றைக்குக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மகன் எடுத்ததும், ‘அன்றைக்கு ராத்திரி நீ கூப்பிட்டாய், பார்த்தும் நான் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது’ என்று சொல்லுங்கள். ஏன் எடுக்கவில்லை என்ற விளக்கம் வேண்டாம். அவன் கோபித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கவே இல்லையென்றால் அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். குரூப்பில் திரும்பச் சேரச் சொல்லாதீர்கள்.

பேத்தி போனைப் பிடுங்கினால் பேச விடுங்கள். தமிழைத் தப்பும் தவறுமாகப் பேசுவாள். திருத்த வேண்டாம்.