விவால்டிக்கு முந்தைய இத்தாலிய வயலின் சொனாட்டாக்களில் எதைக் கேட்டுத் தொடங்கலாம்?

பியாஜியோ மரீனியின் 'சொனாட்டா இன் எக்கோ' (எதிரொலிச் சொனாட்டா). மூன்று வயலின்களுக்கு எழுதியது. 1629இல் வெனிஸில் அச்சான அவருடைய எட்டாம் தொகுப்பில் இருக்கிறது. விவால்டி பிறக்க அப்போது இன்னும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் பாக்கி.

முதல் தடவை இதை நான் கேட்டது ஒரு பக்கம் செத்துப்போன இயர்போனில். வயலின்காரர் அருமையாக ஓடிக்கொண்டிருப்பார், சட்டென்று நிறுத்துவார். கீழே பாஸ் (அடிக்குரல் வரி) மட்டும் லேசாக முனகும். மறுபடி ஓடுவார், மறுபடி நிறுத்துவார். என்னடா இது, விக்கல் எடுத்த மாதிரி வாசிக்கிறாரே என்று பாதியில் மூடிவிட்டேன். சில மாதம் கழித்து வேறு இயர்போனில் தற்செயலாக ஓடியபோதுதான் தெரிந்தது, அந்த இடைவெளிகளில் எல்லாம் ஆள் இருந்திருக்கிறார்கள். முதல் வயலின் சொன்னதன் வாலை மட்டும் பிடித்து இரண்டாவது வயலின் எங்கிருந்தோ திருப்பிச் சொல்கிறது. அதையே மூன்றாவது இன்னும் தள்ளி நின்று சொல்கிறது.

பின்னால் வாசிக்கும் அந்த இருவரும் கேட்பவர் கண்ணில் படக் கூடாது என்று மரீனியே குறிப்பு எழுதியிருக்கிறார். ஸ்வரம், தாளம் மாதிரி ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதும் இந்தச் சொனாட்டாவில் ஒரு பகுதி. யூடியூபில் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, பின் இருவரையும் சன்னமாக வாசிக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது போங்காட்டம். தூணுக்குப் பின்னாலிருந்து வாசிக்கும் பதிவாகப் பார்த்துத் தேடுங்கள்.

இந்த யோசனை சும்மா வந்துவிடவில்லை. மரீனி பிறந்தது 1594இல், ப்ரெஷாவில். காஸ்பரோ தா சாலோ, மஜ்ஜீனி போன்றவர்கள் வயலின் செய்த ஊர் அது. 1615இல் வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்தில் வயலின் கலைஞராகச் சேர்ந்தார். அங்கே இசைத் தலைவர் மொன்தெவேர்தி. பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் எதிரெதிர் மாடங்களில் பிரித்து நிறுத்துவது அந்தக் கோயிலின் பழைய வழக்கம். மொன்தெவேர்தி 1610இல் வெளியிட்ட வெஸ்பர்ஸ் என்ற மாலை வழிபாட்டு இசையில் ஓர் இடம்: பாடகர் 'காவுதியோ' (மகிழ்ச்சி) என்று முடிப்பார், எதிரொலி முதல் எழுத்தை விழுங்கிவிட்டு 'ஆவுதியோ' (கேட்கிறேன்) என்று பதில் சொல்லும். சொல்லின் தயவு அவருக்கு இருந்தது. மரீனிக்கு அதுவும் கிடையாது, வெறும் வில்லும் நரம்பும்தான். அதனாலேயே எனக்கு மரீனியை ஒரு படி கூடப் பிடிக்கும்.

மரீனிக்குப் பின்னால் வந்த கொரெல்லியின் சொனாட்டாக்களைக் கேட்டுப் பழகிய காதோடு மெது, வேகம், மெது, வேகம் என்று தனித்தனி பாகங்களை எதிர்பார்க்காதீர்கள். இது ஒரே மூச்சில் போவது. அன்று 'சொனாட்டா' என்றால் பாடுவதற்கில்லை, வாசிப்பதற்கு என்பதற்கு மேல் பெரிய இலக்கணம் இல்லை. பாஸுக்கு ஒரு வரி மட்டும் எழுதியிருக்கும். ஹார்ப்சிகார்ட் (பழைய கீபோர்டு வாத்தியம்) வாசிப்பவரோ, தியோர்போ என்ற ஆளுயர நரம்பு வாத்தியத்தை வைத்திருப்பவரோ அதன் மேல் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) தாங்களே இட்டு நிரப்ப வேண்டும். ஆகவே இரண்டு பதிவுகள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று பிடிக்கவில்லை என்றால் மற்றொன்றைப் போட்டுப் பாருங்கள்.

சிலர் அதே காலத்து இத்தாலிய வயலின் கலைஞர் கார்லோ ஃபரீனாவின் 1627ஆம் வருஷத்து 'கப்ரிச்சோ ஸ்திராவகாந்தே'யைச் சொல்வார்கள். வயலினில் பூனை கத்தும், நாய் குரைக்கும், கோழி கொக்கரிக்கும். சிரிப்பு வரும்தான், ஆனால் ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

எக்கோ பிடித்துப்போனால் அடுத்து மரீனியின் முதல் தொகுப்பில் (1617) உள்ள 'லா ஃபொஸ்கரீனா'வுக்குப் போங்கள். வில்லை நடுக்கி வாசிக்கச் சொல்லி அதில் எழுதியிருப்பார். கடைசித் தொகுப்பான 1655இல் வந்ததில் ஒரு 'பஸ்ஸகாலியோ' இருக்கிறது. அதை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.